ஹைபிரிட் பிக்கப்பா, பெட்ரோல் பிக்கப்பா: வாங்கும் முன் உங்கள் ரோட்டை அளந்து பாருங்கள்

டெக்ஸஸில் ஆஸ்டினிலிருந்து சான் அன்டோனியோ போக இரண்டு வழி உண்டு. ஒன்று ஐ-35, காலையும் மாலையும் ஊர்ந்து ஊர்ந்து போகும் ரோடு. இன்னொன்று கிழக்கே சுற்றிப் போகும் எஸ்எச் 130 டோல் ரோடு. அதில் செகின் பக்கம் போகும் பகுதியில் 85 மைல் வேகம் வரை சட்டப்படியே போகலாம், அமெரிக்காவிலேயே அதிகமான வேக வரம்பு அதுதான். ஒரே பிக்கப்பை இன்று ஐ-35-இல் ஓட்டி, நாளை எஸ்எச் 130-இல் 85-இல் ஓட்டிப் பார்த்தால், மைலேஜைப் பார்த்து இரண்டும் ஒரே வண்டிதானா என்று சந்தேகம் வரும்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், என் மச்சான் ஹைபிரிட் (பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் உள்ள வண்டி) வாங்கிய கதை அப்படி. காரில் ஹைபிரிட் என்றால் இரட்டிப்பு மைலேஜ் என்று கேள்விப்பட்டு, பிக்கப்பிலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்து, கூடுதல் பணம் கொடுத்து எடுத்தார். அவர் தினமும் போவது டோல் ரோடு, க்ரூஸ் கண்ட்ரோலில் 80. ஆறு மாதம் கழித்து, "என்னப்பா, உன் சாதா வண்டி அளவுக்குத்தானே கொடுக்குது" என்று என்னிடம் வந்து நின்றார். வண்டியில் ஒரு குறையும் இல்லை. அவர் ரோட்டில் அந்த வண்டிக்கு வேலை இல்லை, அவ்வளவுதான்.

அதனால் இந்த வழிகாட்டியில் பிராண்டு சண்டை கடைசியில்தான் வரும். முதலில் உங்கள் ரோடு, உங்கள் கால், உங்கள் கணக்கு. (இங்கே எல்லோரும் கேஸ் என்பார்கள். நான் பெட்ரோல் என்றே எழுதுகிறேன், கேஸ் என்றால் எனக்கு இன்னும் சிலிண்டர்தான் நினைவுக்கு வருகிறது.)

முதல் படி: இப்போதைய வண்டியின் உண்மையான மைலேஜைக் கையால் கணக்கிடுங்கள்

டேஷ்போர்டு காட்டும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். அது எஞ்சினுக்குள் எவ்வளவு எரிபொருள் போனது என்று வண்டியே போடும் மதிப்பீடு. பல வண்டிகளில் கொஞ்சம் தாராளமாகவே காட்டும். என் வண்டியில் ஒரு எம்பிஜி, ஒன்றரை எம்பிஜி (எம்பிஜி என்றால் ஒரு கேலனுக்கு ஓடும் மைல்) கூடுதலாகக் காட்டுகிறது.

முறை எளிது. டாங்கை முதல் க்ளிக் வரை நிரப்புங்கள், அதற்கு மேல் அமுக்கி அமுக்கி ஊற்ற வேண்டாம். ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். அடுத்த முறையும், முடிந்தால் அதே பங்கில் அதே பம்பில், முதல் க்ளிக் வரை நிரப்பி, ஓடிய மைலையும் ஊற்றிய கேலனையும் எழுதி வையுங்கள். ஒரு டாங்கை வைத்து எதுவும் சொல்ல முடியாது, குறைந்தது ஐந்து டாங்காவது ஓட வேண்டும். கடைசியில் எல்லா மைலையும் கூட்டி, எல்லா கேலனையும் கூட்டி, ஒன்றை மற்றொன்றால் வகுங்கள். ஒவ்வொரு டாங்கின் எம்பிஜியைத் தனித்தனியாகப் போட்டு அவற்றுக்குச் சராசரி எடுப்பது தப்பு, ஒவ்வொரு முறையும் ஊற்றும் கேலன் வேறுபடுவதால் விடை பிசகும்.

இன்னொரு பொறி டயர். பார்க்க நன்றாக இருக்கிறது என்று பெரிய ஆல்-டெர்ரெய்ன் டயர் போட்டேன், மைலேஜ் தடாலென்று இறங்கியது. பாதிக் காரணம் டயரின் எடையும் உரசலும். மீதிக்குக் காரணம் மீட்டர்: டயரின் விட்டம் 3 சதவீதம் கூடினால், வண்டி 103 மைல் ஓடியதை மீட்டர் 100 என்று எழுதும். ஹைவே ஓரத்து மைல் பலகைகளை வைத்து ஒரு இருபது மைல் ஓட்டிப் பார்த்தால் உங்கள் மீட்டர் எவ்வளவு பொய் சொல்கிறது என்று தெரிந்துவிடும்.

பெட்ரோலும் எப்போதும் ஒன்றுபோல் இருக்காது. பங்கில் சாதாரணமாகக் கிடைக்கும் 10 சதவீத எத்தனால் கலப்பில், சுத்தப் பெட்ரோலை விட 3 சதவீதம் போல எரிசக்தி குறைவு. குளிர்காலக் கலவையில் இன்னும் கொஞ்சம் குறையும். அதனால் ஜனவரிக் கணக்கையும் ஜூன் கணக்கையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடாதீர்கள்.

இரண்டாம் படி: எம்பிஜியை மறந்துவிட்டு கேலனில் யோசியுங்கள்

பெரும்பாலோர் ஏமாறுவது இங்கேதான். 15 எம்பிஜி வண்டியை விட்டு 20 எம்பிஜி வண்டிக்குப் போனால் ஐந்து கூடுகிறது. 25-இலிருந்து 30-க்குப் போனாலும் ஐந்துதான் கூடுகிறது. பணத்தில் இரண்டும் ஒன்றா? இல்லவே இல்லை. 100 மைலுக்கு 15 எம்பிஜி வண்டி 6.7 கேலன் குடிக்கும், 20 எம்பிஜி வண்டி 5 கேலன். மிச்சம் 1.7 கேலன். 25 எம்பிஜி வண்டி 4 கேலன் குடிக்கும், 30 எம்பிஜி வண்டி 3.3 கேலன். மிச்சம் 0.7 கேலன்தான்.

அதாவது, உங்களிடம் இருப்பது பழைய வி8 என்றால், இன்றைய சாதா டர்போ பெட்ரோல் வண்டிக்கு மாறினாலே பெரிய லாபம் வந்துவிடும், அதற்கு மேல் ஹைபிரிட் தருவது சின்ன லாபம். 2013 மாடலிலிருந்து ஷோரூம் ஸ்டிக்கரிலேயே 100 மைலுக்கு எத்தனை கேலன் என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். பெரிய எழுத்தை விட்டுவிட்டு அதைப் படியுங்கள்.

மூன்றாம் படி: ஸ்டிக்கர் எண் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான இபிஏவின் முறைப்படி, வண்டியை ரோலர் மேல் ஏற்றி ஓட்டி எடுக்கும் எண் அது. நகரச் சோதனை சுமார் 11 மைல், சராசரி வேகம் 21 மைல். ஹைவே சோதனையின் சராசரி வேகம் 48 மைல்தான், உச்சம் 60. இது பழைய காலத்து ஓட்டம், நிஜத்துக்கு ஒத்து வரவில்லை என்று, 2008 மாடலிலிருந்து 80 மைல் வரை போகும் சோதனை, ஏசி போட்ட சோதனை, குளிர்ச் சோதனை எல்லாவற்றையும் சேர்த்து எண்ணைக் கீழே இறக்கினார்கள். அப்படியும் அது ஒரு நடுத்தரமான ஓட்டுநரின் எண். டெக்ஸஸில் 80-இல் கண்ணை மூடிக்கொண்டு போகும் ஆளின் எண் அல்ல.

காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 65-இலிருந்து 85-க்கு ஏறினால் வேகம் கூடுவது 30 சதவீதம், காற்று எதிர்த்துத் தள்ளும் விசை கூடுவது 70 சதவீதம். பிக்கப் என்பது ஒரு செங்கல், அது காற்றைக் கிழித்துக்கொண்டு போவதில்லை, முட்டித் தள்ளிக்கொண்டு போகிறது.

நான்காம் படி: ஹைபிரிட் எங்கே சம்பாதிக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமான படி இது.

பெட்ரோல் வண்டியில் பிரேக் மிதிக்கும்போது, ஓடிக்கொண்டிருந்த வண்டியின் சக்தி முழுக்க பிரேக் டிஸ்கில் சூடாகி வீணாகிறது. ஹைபிரிட்டில் மோட்டார் ஜெனரேட்டராக மாறி, அதில் ஒரு பகுதியைப் பிடித்து பேட்டரியில் போடுகிறது. ஒரு கணக்கு பாருங்கள். சுமார் 2600 கிலோ எடையுள்ள பெரிய பிக்கப் 60 மைல் வேகத்தில் போகும்போது அதனிடம் இருக்கும் இயக்க சக்தி ஏறக்குறைய கால் யூனிட் மின்சாரம், நம் வீட்டு மீட்டரில் ஓடும் அதே யூனிட். ஃபோர்டு எஃப்-150 ஹைபிரிட்டின் பேட்டரி 1.5 யூனிட். ஆக, ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் கொஞ்சம் சேர்த்து, புறப்படும்போது எடுத்துச் செலவழிக்கிற உண்டியல் அது. ஒரு கேலன் பெட்ரோலில் இருப்பது 33.7 யூனிட் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், உண்டியல் எவ்வளவு சின்னது என்று புரியும்.

பிரேக்கே மிதிக்காத ரோட்டில் உண்டியலில் எதுவும் விழாது. அங்கே மோட்டாரும் பேட்டரியும் நீங்கள் சுமந்து போகும் கூடுதல் எடை. சிக்னலில் எஞ்சின் அணைந்து நிற்பது, நெரிசலில் மின்சாரத்திலேயே உருள்வது, இதெல்லாம் ஐ-35-க்குத்தான் உதவும், எஸ்எச் 130-க்கு உதவாது.

எல்லா ஹைபிரிட்டும் ஒரே ஜாதியும் இல்லை. ஃபோர்டு மேவ்ரிக்கில் இருப்பது கார் ஹைபிரிட்டின் ரத்தம்: 2.5 லிட்டர் அட்கின்சன் எஞ்சின் (எரிபொருள் சிக்கன வகை), அதோடு மோட்டார்கள் பின்னிக்கிடக்கும் கியர் அமைப்பு. குறிக்கோளே மைலேஜ். எஃப்-150-இன் ஹைபிரிட்டான பவர்பூஸ்ட்டும், டொயோட்டா டன்ட்ரா, டகோமாவின் ஹைபிரிட்டான ஐ-ஃபோர்ஸ் மேக்ஸும் வேறு மாதிரி: டர்போ எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் ஒரு மோட்டாரைச் சொருகியிருப்பார்கள். அதன் முதல் வேலை இழுவை, மைலேஜ் இரண்டாவது வேலை. டன்ட்ராவில் சாதா எஞ்சின் 389 குதிரைசக்தி வரை, ஹைபிரிட் 437. லேபிளில் மைலேஜ் வித்தியாசமோ ஒன்று, இரண்டு எம்பிஜிதான். ஹைபிரிட் என்ற ஒரே பேட்ஜுக்குக் கீழே இரண்டு வேறு பொருள்களை விற்கிறார்கள் என்பது என் கருத்து. வாங்குபவர் கேட்காவிட்டால் விற்பவர் சொல்லப் போவதில்லை.

ஐந்தாம் படி: ஒரு வாரம் ரோட்டை எழுதுங்கள்

ஒரு நோட்டு, ஒரு வாரம் போதும். மூன்று பத்தி போடுங்கள்: 45 மைல் வேகத்துக்குக் கீழே நின்று நின்று ஓடியது, 70-க்கு மேல் ஒரே சீராக ஓடியது, ட்ரெய்லர் இழுத்து ஓடியது. நடுவில் விழுவதை இரண்டில் எது நெருக்கமோ அதில் போடுங்கள், துல்லியம் வேண்டாம்.

பெரும்பாலோர் இதை எழுதிப் பார்த்ததும் ஆச்சரியப்படுவார்கள். நான் ஊருக்குள்தான் ஓட்டுகிறேன் என்று நினைத்திருந்தேன். எழுதிப் பார்த்தால் மைல் கணக்கில் முக்கால்வாசி ஹைவே. நேரக் கணக்கில்தான் ஊர் அதிகம், எரிச்சல் கணக்கிலும்.

குளிர் ஊர்க்காரர்கள் இன்னொன்றும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நகர ஓட்டங்களில், 77 டிகிரி ஃபாரன்ஹீட்டை விட 20 டிகிரியில் சாதா பெட்ரோல் வண்டியின் மைலேஜ் 15 சதவீதம் போலக் குறையும் என்றும், ஹைபிரிட்டில் 30 முதல் 34 சதவீதம் வரை குறையலாம் என்றும் அமெரிக்க அரசின் எரிபொருள் தளமே சொல்கிறது. உள்ளே ஹீட்டர் வேண்டும் என்றால் எஞ்சின் ஓடித்தான் ஆக வேண்டும், குளிர்ந்த பேட்டரியும் சுறுசுறுப்பாக வாங்கிக் கொடுக்காது. டெக்ஸஸில் எங்களுக்கு இது கவலையில்லை. மினசோட்டாவில் மூன்று மைல் தள்ளி ஆபீஸ் என்றால் கவலைதான்.

ஆறாம் படி: இழுப்பீர்களா என்று உண்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள்

உயரமான பெட்டி ட்ரெய்லரை மாட்டி 65-இல் போனால் எந்த பிக்கப்பும் மைலேஜில் ஏறக்குறைய பாதியை இழக்கும். ஹைபிரிட்டோ பெட்ரோலோ, அந்த இடத்தில் இருவரும் ஒரே வரிசையில் நிற்பார்கள். மாதம் நான்கு முறை இழுப்பவர் மைலேஜை விட்டுவிட்டு, டாங்க் எவ்வளவு பெரியது, எவ்வளவு எடை இழுக்கும் என்று பார்ப்பதே புத்திசாலித்தனம். 2021 எஃப்-150-இல் 3.5 லிட்டர் ஈகோபூஸ்ட் (ஃபோர்டின் டர்போ பெட்ரோல் எஞ்சின்) அதிகபட்சம் 14,000 பவுண்டு, பவர்பூஸ்ட் 12,700. மேவ்ரிக் ஹைபிரிட் ஆரம்பத்தில் 2,000 பவுண்டுதான், டர்போ பெட்ரோல் 4,000. ஜெட் ஸ்கீ போதும் என்றால் சரி, கேம்பர் ஆசை இருந்தால் யோசியுங்கள். ஹைபிரிட் மேவ்ரிக்கில் நான்கு சக்கர இயக்கமும் 2025 மாடலில்தான் வந்தது, அதோடு 4,000 பவுண்டு இழுக்கும் பேக்கேஜும் வந்தது.

வருடத்தில் இரண்டு முறை சோபா ஏற்றுவதற்காக எஃப்-150 வாங்குபவர்களைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. நானும் அந்தக் கூட்டம்தான்.

ஏழாம் படி: இப்போது பணக் கணக்கு

சூத்திரம் ஒன்றுதான். வருட மைலை சாதா வண்டியின் எம்பிஜியால் வகுங்கள், அதே மைலை ஹைபிரிட்டின் எம்பிஜியால் வகுங்கள், கழித்து வருவதைப் பெட்ரோல் விலையால் பெருக்குங்கள். வருடம் 12,000 மைல், கேலன் 3 டாலர் என்று வைத்துக்கொண்டு இரண்டு வண்டிகளைப் பார்ப்போம்.

மேவ்ரிக், 2022 லேபிள்படி: ஹைபிரிட் நகரில் 42, ஹைவேயில் 33, மொத்தத்தில் 37. முன்சக்கர டர்போ பெட்ரோல் 23, 30, 26. மொத்த எண்ணை வைத்தால் 462 கேலனுக்கு எதிராக 324. மிச்சம் 138 கேலன், வருடம் 410 டாலருக்குக் கொஞ்சம் மேலே. இதில் ஒரு வேடிக்கை: வந்த புதிதில் ஹைபிரிட்தான் அடிப்படை வண்டி, டர்போவுக்குத்தான் 1,085 டாலர் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். அப்போது கணக்கே போட வேண்டியதில்லை. 2024-இல் அதைத் தலைகீழாக்கி, ஹைபிரிட்டுக்கு 1,500 டாலர் கூடுதல் என்று வைத்தார்கள். அப்போதும் நான்கு வருடத்துக்குள் போட்ட காசு திரும்பி வருகிறது. ஊருக்குள் ஓட்டுபவருக்கு இன்னும் சீக்கிரம் வரும்.

எஃப்-150, 2021 மாடலின் நான்கு சக்கர வண்டிகள்: பவர்பூஸ்ட் நகரிலும் ஹைவேயிலும் 24. 2.7 ஈகோபூஸ்ட் நகரில் 19, ஹைவேயில் 24, மொத்தத்தில் 21. ஹைவே எண்ணைப் பாருங்கள், இரண்டும் 24. என் மச்சானின் ஆறு மாதக் குழப்பத்துக்கு விடை அந்த ஸ்டிக்கரிலேயே அச்சாகிக் கிடந்தது. மொத்த எண்ணை வைத்தால் மிச்சம் 71 கேலன், வருடம் 214 டாலர். ஹைபிரிட்டுக்குக் கூடுதலாக 3,000 டாலர் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பதினான்கு வருடம் ஆகும். முழுக்க நகரம்தான் என்றால் மிச்சம் 132 கேலன், ஏறக்குறைய 395 டாலர், ஏழரை வருடம். முழுக்க ஹைவே என்றால் காசு திரும்பவே திரும்பாது. ஆனால் நீங்கள் எடுக்க நினைத்தது 2.7 இல்லை, பெரிய எஞ்சின்தான் என்றால் கணக்கு மாறும். 5.0 வி8-இன் நகர எண் 16, அதன் பக்கத்தில் பவர்பூஸ்ட் நன்றாகவே தெரியும்.

கூடுதல் விலையை எழுதும்போது, ஹைபிரிட்டுக்காக மேல் ட்ரிம்முக்குத் தள்ளப்பட்டீர்களா என்று பாருங்கள். தோல் சீட்டும் பெரிய திரையும் சேர்ந்து வந்த விலையை மைலேஜ் கணக்கில் ஏற்றினால் ஹைபிரிட் பாவம். அந்தச் சீட் இல்லாமல் ஹைபிரிட் கிடைக்காது என்றால் அதையும் ஏற்றத்தான் வேண்டும். டெக்ஸஸில் 6.25 சதவீத விற்பனை வரி அந்தக் கூடுதல் தொகைக்கும் உண்டு, லோன் வட்டியும் உண்டு.

எட்டாம் படி: பெட்ரோலில் வராத கணக்கு

2021 பிப்ரவரியில் டெக்ஸஸில் பனிப்புயல் அடித்து மின்சாரம் போன நாள்களை இங்கே இருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். அப்போது எஃப்-150 ஹைபிரிட் வைத்திருந்த சிலர், வண்டியின் பின்பக்க ப்ளக்கிலிருந்து வீட்டுக்கு வயர் இழுத்து ஹீட்டரும் ஃப்ரிட்ஜும் ஓட்டினார்கள். டீலர்களிடம் இருந்த ஹைபிரிட் வண்டிகளைத் தேவைப்படுவோருக்குக் கடனாகக் கொடுக்கச் சொல்லி ஃபோர்டு கேட்டுக்கொண்டது. 2021 பவர்பூஸ்ட்டில் 2.4 கிலோவாட் கூடவே வந்தது, 7.2 கிலோவாட் கூடுதல் காசுக்கு. மின்வெட்டு ஊரில் இருப்பவருக்கும், மரவேலை, வெல்டிங் செய்பவருக்கும் இது தனி ஜெனரேட்டர் வாங்கும் செலவை மிச்சப்படுத்தும், அதைக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். கராஜைப் பூட்டிக்கொண்டு மட்டும் ஓட்டாதீர்கள், புகை ஆளைக் கொல்லும்.

பேட்டரி பயம் அளவுக்கு மீறியது என்று நினைக்கிறேன். டொயோட்டா 2020 மாடலிலிருந்து ஹைபிரிட் பேட்டரிக்கு 10 வருடம் அல்லது 1,50,000 மைல் உத்தரவாதம் கொடுக்கிறது, ஃபோர்டு ஹைபிரிட் பாகங்களுக்கு 8 வருடம் அல்லது 1,00,000 மைல். பழைய வண்டி எடுக்கும்போதுதான் இதில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று தேதியைப் பார்க்க வேண்டும். பெட்ரோல் என்றால் சிக்கலே இல்லை என்பதும் சரியில்லை. 2024-இல் எஞ்சினுக்குள் உலோகத் துணுக்கு தங்கியிருக்கலாம் என்று டொயோட்டா ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்தது, பெரும்பாலும் 2022, 2023 டன்ட்ராக்கள். அவை எல்லாமே ஹைபிரிட் இல்லாதவை.

கடைசிப் படி: உங்கள் ரோட்டிலேயே ஓட்டிப் பாருங்கள்

டீலர் காட்டும் பத்து நிமிட வட்டத்தில் எந்த ஹைபிரிட்டும் தேவதைதான். முடிந்தால் அதே மாடலை ஒரு வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்து, திங்கள் காலை நீங்கள் போகும் ரோட்டில், போகும் நேரத்தில் ஓட்டுங்கள். பெரிய பிக்கப்பின் ஹைபிரிட்டில் மெதுவான வேகத்தில் பிரேக் சில சமயம் கொஞ்சம் பிடித்துப் பிடித்து விடுவதுபோல் இருக்கும், எஞ்சின் அணைந்து எழுவதும் காலில் தெரியும். சிலருக்கு அது ஒரு விஷயமே இல்லை, சிலருக்கு எரிச்சல்.

என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இது. சின்ன வண்டி போதும், ஊருக்குள்தான் ஓட்டம் என்றால் மேவ்ரிக் ஹைபிரிட், யோசிக்கவே வேண்டாம். பெரிய வண்டி வேண்டும், ரோடு நெரிசல், ப்ளக்கும் பயன்படும் என்றால் பவர்பூஸ்ட். பெரிய வண்டி, நீண்ட ஹைவே, இழுவை எப்போதாவது என்றால் 2.7 ஈகோபூஸ்ட் மாதிரி சின்ன டர்போ பெட்ரோல் எடுத்துவிட்டு, மிச்சக் காசில் நல்ல டயர் போடுங்கள், ஆனால் பெரிய டயர் வேண்டாம். டன்ட்ரா, டகோமா ஹைபிரிட் இழுவை சுகத்துக்காக என்றால் தாராளமாக எடுக்கலாம், மைலேஜுக்காக என்றால் எடுக்க வேண்டாம்.

வண்டி வீட்டுக்கு வந்ததும் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுப்படி டயர் காற்றைச் சரிபார்த்து, முதல் டாங்கிலிருந்தே நோட்டைத் திறங்கள். முதல் இரண்டு டாங்க் நல்லதும் சொல்லாது கெட்டதும் சொல்லாது, ஐந்து வரை பொறுங்கள். என் நோட்டு டேஷ்போர்டு பெட்டியில்தான் கிடக்கிறது, பேனாவைத்தான் ஆகஸ்ட் வெயில் விட்டுவைப்பதில்லை.